தோள் ஆறிவந்த மாதங்கள்

என் மகனுக்கு முப்பத்தொரு வயது. தினமும் அவனை நான் தூக்குகிறேன். இதைக் கேட்டதும் ஆட்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். எனக்குப் பிடிக்காத முகம் அது. அனுதாபத்தை வாங்கிக்கொண்டு நான் என்ன செய்வது? அதை வைத்து ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க முடியாது.

பிறந்ததிலிருந்தே அவன் கால்கள் அவன் சொல்லைக் கேட்பதில்லை. முழங்கால்கள் மடங்கி இறுகியே இருக்கும். கைகள் ஓரளவுக்கு வரும், விரல்கள் நன்றாகவே வரும். வாய் எங்கள் எல்லோரையும்விட நன்றாக வரும். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிச் சீர்செய்வது அவன் தொழில். டெங்கிலில் நடந்த கல்யாணமானாலும் கேரித் தீவில் நடந்த கல்யாணமானாலும் கடைசியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தான் வந்து சேரும். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் கை எப்படி நடுங்கியது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சிரிப்பான். ஒரு நொடியைப் பல துண்டாக்கிப் பார்க்கிற கண் அவனுக்கு.

கிள்ளானில் நான்காவது மாடி வீடு. அவன் அம்மா போன பிறகு நாங்கள் இரண்டே பேர். குளியலறைக் கதவு சக்கர நாற்காலியைவிடக் குறுகல். அதன் வாசலில் அரையடி உயரத்துக்கு ஒரு திட்டு வேறு. கட்டியவன் எந்த ஜென்மத்திலும் ஒரு நாற்காலியை உருட்டியிருக்க மாட்டான். அதனால் கட்டிலிலிருந்து குளியலறைக்கும், குளியலறையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து மறுபடி குளியலறைக்கும் என் கைகளில்தான் அவன் போகவேண்டும், வரவேண்டும். இடது கையை முழங்காலுக்கு அடியில் கொடுத்து, வலது கையை முதுகுக்குக் கொடுத்து, மூச்சைப் பிடித்து எழுவேன். ஐம்பத்தைந்து கிலோ.

சிறுநீருக்கு ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அப்படித்தான் ஒரு திரையைக் கட்டிப் பாட்டிலைக் கொடுத்தார்கள். ஒரு நாள் சில பையன்கள் திரையைத் தூக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "இனிமே பாட்டில் வேணாம்ப்பா" என்றான். அழவில்லை. "நான் இருக்கேன்லடா" என்றேன். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் பளுதூக்குபவன். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆரம்பித்தது. மாநில அளவில் ஒரு பதக்கம் வாங்கினேன். அது இப்போது எந்த டப்பாவில் கிடக்கிறது என்று தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு விட்டிருப்பேன். அவன் பிறந்ததால்தான் விடவில்லை. அவன் வளர வளர நானும் இரும்புப் பாரில் எடையைக் கூட்டிக்கொண்டே போனேன். டயர் கடைக்குப் பின்னாலிருக்கும் எங்கள் ஜிம்மில் இந்த வயதிலும் வருகிறானே என்று இளவட்டங்கள் படம் பிடித்துப் போடுவார்கள். நான் உண்மையில் எந்த எடைக்காகப் பயிற்சி செய்கிறேன் என்று அங்கே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் என்னோடு துறைமுகத்தில் வேலை பார்த்த சீன நண்பர். கிரேன் ஓட்டியவர். அவரும் அதை வெளியே சொன்னதில்லை.

இடது தோள் வலி போன வருஷம் ஆரம்பித்தது. சட்டை மாட்டக் கையைப் பின்னால் கொண்டுபோனேன், உள்ளே ஏதோ பிடித்து இழுத்தது. அவ்வளவுதான். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பிறகு பல் விளக்கும்போது வலித்தது. அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலித்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தசைநார் பாதி கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். என் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"அங்கிள், தலைக்கு மேல எதையும் தூக்கக் கூடாது. ஆப்பரேஷன் பண்ணித் தைக்கலாம். அப்புறம் கொஞ்ச மாசம் கைய தூளியில போட்டு வச்சிருக்கணும்."

"கொஞ்ச மாசம்னா?"

"உங்க வயசுக்குக் கூடுதலாத்தான் ஆகும்லா."

அந்த மாதங்களில் அவனை யார் தூக்குவது? டாக்டரிடம் இதைக் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வெளியே வாகன நிறுத்தத்தில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல் ரொம்ப நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. தைத்தால் கை பல மாதம் கிடையாது, தைக்காவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் மொத்தமாகப் போய்விடும். அந்த நாளில் என் கைகளில் அவன் இருக்கலாம்.

அதனால் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். பளுதூக்குபவன் காயம் பட்டால் நிறுத்த மாட்டான். வலிக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போவான். கை மேலே போகும்போது வலிக்கிறதா, மேலே கொண்டுபோகாதே. பிடியை அகலப்படுத்து. முதுகை வேலை செய்ய விடு, காலை வேலை செய்ய விடு. கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழு. வலிக்காத கோணம் ஒன்று எங்கேயாவது இருக்கும், அதைக் கண்டுபிடித்து அங்கேயே குடியேறிவிடு. இப்படிச் சுற்றிப் போய் முப்பது வருஷம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கதையை வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

மகனிடம், "சின்னப் பிடிப்புடா" என்றேன்.

"சின்னப் பிடிப்புக்கா ஸ்கேன் எடுத்தாங்க?"

"உனக்கு எல்லாம் தெரியணுமா?"

"உங்க தோள்லதானேப்பா நான் வாழறேன். வீடு நல்லாருக்கான்னு வீட்டுக்காரன்கிட்ட கேக்க மாட்டேனா?"

டீ போடப் போய்விட்டேன்.

நண்பர் சொன்னார் என்று கம்யூட்டர் ரயில் ஏறித் தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவொன்றில் கண் தெரியாத ஒரு மசாஜ்காரரிடமும் போனேன். அங்கே அந்தத் தெருவில் அவர்கள் நிறையப் பேர். அவர் என் தோளைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "காத்து அண்ணே. உள்ள காத்து புடிச்சிருக்கு" என்றார். மலாய்க்காரர்களுக்கும் காற்று, சீனர்களுக்கும் காற்று, நமக்கும் காற்று. இந்த நாட்டில் எல்லோருக்கும் பொதுவான வியாதி அது ஒன்றுதான். ஆனாலும் அவர் தேய்த்துவிட்ட எண்ணெயோடு திரும்பி வந்தபோது வலி குறைந்த மாதிரிதான் இருந்தது. குறையவேண்டும் என்று அவ்வளவு ஆசை எனக்கு.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

சனிக்கிழமை காலையில் அவனும் என்னோடு ஜிம்முக்கு வருவான். எங்கள் பிளாக்கில் லிப்ட் வேலை செய்தால் மட்டும். மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திப் போனில் என்னைப் படம் பிடிப்பான். இடுப்பு உயர்கிறது, முழங்கை மடங்குகிறது என்று திட்டுவான். இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே கோச் அவன். அன்றைக்கு எனக்கு என்ன கிறுக்கோ, வலி இல்லை என்று தோன்றியது. ஒரே இழுப்பில் தரையிலிருந்து தலைக்கு மேலே கொண்டுபோகிற ஸ்நாட்ச் செய்து பார்க்கலாம் என்று பாரைப் பிடித்தேன். நண்பர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பெரிய எடை இல்லை, பையன்கள் உடம்பைச் சூடாக்கப் போடுகிற எடைதான்.

பார் மேலே போனது. நானும் அதற்கடியில் உட்கார்ந்துவிட்டேன். கைகள் நீண்டு பூட்டியும் விட்டன. பிறகு இடது தோள் இல்லாமல் போய்விட்டது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது, அந்த இடத்தில் யாருமே இல்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது பார் முதுகுக்குப் பின்னால் தரையில் விழுந்த சத்தமும், நான் மேடையின் முன்விளிம்பில் நிற்பதும்தான்.

ஜிம்மில் கைதட்டினார்கள். தூக்கியதற்கு அல்ல, தப்பித்ததற்கு. எங்கள் விளையாட்டில் தூக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் விடக் கற்றுக்கொடுப்பார்கள். எடை கெட்டுப்போனால் பிடித்துக்கொண்டு போராடாதே. கையைத் திற, குதித்து விலகு. இரும்பு விழட்டும். அதைப் பிடிக்க நினைத்தவன்தான் முதுகை ஒடித்துக்கொள்கிறான். "ஸ்டில் ஃபாஸ்ட்லா, பாஸ்!" என்று நண்பர் முதுகில் தட்டினார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமைதான்.

திரும்பி மகனைப் பார்த்தேன். ஏதாவது கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். அவன் நிமிரவில்லை. போன் திரையில் கட்டைவிரலை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் சோறு சாப்பிடும்போது கேட்டான். "கைய விடறது நீங்க யோசிச்சு செய்றதாப்பா?"

"யோசிச்சா செத்தேன்டா. ஒடம்பு தானா செய்யும். எத்தன வருஷப் பழக்கம். மூளைக்கு விஷயம் போறதுக்குள்ள கை தெறந்துரும்."

"தோள் வலிச்சா தானா தெறந்துருமா?"

"ஆமா. அதான் இன்னும் உசுரோட இருக்கேன்."

"ஓ" என்றான். முன்னாலிருந்த தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். அதைப் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய, மண்டையில் ஏறினால்தானே.

அதற்குப் பிறகு என் தோள் ஆற ஆரம்பித்தது.

நம்ப முடியவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று போகப் போக வலி குறைந்துகொண்டே வந்தது. இடது பக்கமாகப் படுத்துத் தூங்க முடிந்தது. சட்டையை முகம் சுளிக்காமல் மாட்டினேன். ரப்பர் பட்டையைப் புகழ்ந்தேன், மசாஜ்காரரின் எண்ணெயைப் புகழ்ந்தேன், என் உடம்பின் பழைய வைரத்தைப் புகழ்ந்தேன். ஆப்பரேஷன் என்று பயமுறுத்திய அந்தச் சின்ன டாக்டரை ஜிம்மில் எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தேன். நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. கிழிந்தது தானாக ஒட்டுமா என்று கேட்டார். எனக்கு ஒட்டும் என்றேன்.

அதே மாதங்களில்தான் புகைமூட்டமும் வந்தது. வருஷா வருஷம் எங்கேயோ காடு எரிய, கிள்ளானில் நாங்கள் இருமுவோம். எதிர் பிளாக் காலையில் சாம்பல் நிறத்தில் தெரியும், மத்தியானத்தில் அதுவும் தெரியாது. ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தோம். அவன் உதடுகள் வெடித்திருந்தன. புகை என்றேன். எண்ணெய் தடவச் சொன்னேன். தலை வலிக்கிறது என்றான். ஊருக்கே தலை வலித்தது. காலையில் போட்டுக் கொடுத்த டீ ஆறிப்போய் மேஜையிலேயே இருந்தது. "பால் ஒத்துக்கலப்பா" என்றான். பால் இல்லாமல் போட்டேன், அதுவும் பாதி மிஞ்சியது. தர்பூசணி என்றால் உயிரை விடுவான். பாசார் சந்தையிலிருந்து ஒரு பெரிய பழத்தை வாங்கி வந்து வெட்டினேன். ஒரு துண்டு எடுத்துவிட்டுப் போதும் என்றான்.

வீட்டில் ஏதோ ஒன்று சரியில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டேதான் இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. ஏதோ ஒரு சத்தம் குறைந்திருந்தது. மத்தியானத்தில் சாய்நாற்காலியில் கண்ணை மூடினால் பழக்கமில்லாத ஓர் அமைதி. எழுந்து போய் அவன் அறையை எட்டிப் பார்ப்பேன். கம்ப்யூட்டரில் யாரோ ஒரு பெண் வெட்கப்பட்டுக்கொண்டிருப்பாள், அவன் அவளை நிறுத்தி, ஓடவிட்டு, நிறுத்திக்கொண்டிருப்பான். "என்னப்பா?" "ஒண்ணுமில்ல." திரும்பி வந்து உட்காருவேன். ஒரு நாள்தான் அந்தச் சத்தம் எதுவென்று தெரிந்தது. குளியலறைக் கழிப்பிடத்தின் தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு முறை இழுத்துவிட்ட பிறகும் நிரம்பாமல் மணிக்கணக்காகச் சொட்டிக்கொண்டே இருக்கும், ரிப்பேர் செய்ய ஆள் கூப்பிடவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பகலெல்லாம் சொட்டவில்லை. தானாகச் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். தோளும் தானாக, தொட்டியும் தானாக. எனக்கு நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

தூக்கும்போது அவன் லேசாகத் தெரிந்தான். "எளைச்சிட்டியாடா?" என்று கேட்டேன். "டயட்லா" என்றான். இதையும் சொல்லிவிடுகிறேன். அவன் இளைத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

புகை விலகுகிற சமயத்தில் ஒரு மத்தியானம், அவன் அறையிலிருந்து கூப்பிட்டான். "அப்பா, ஃபேன நிப்பாட்டுங்க."

கிள்ளானில் மத்தியானம் ஒரு மணிக்கு யாரும் ஃபேனை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். போய்ப் பார்த்தேன். நாற்காலியில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். பற்கள் அடித்துக்கொண்டன. நெற்றியில் கை வைத்தேன், சுட்டது. இடுப்புக்கு மேலே முதுகில் கத்தியால் குத்துகிற மாதிரி வலிக்கிறது என்றான். சொல்லி முடிப்பதற்குள் சட்டையிலேயே வாந்தி எடுத்தான். பச்சைத் தண்ணீராக வந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வர நேரமாகும், முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள் என்றார்கள். ஓடிப்போய் லிப்டைப் பார்த்தேன். கதவில் 'ரோசாக்' என்று தாள் ஒட்டியிருந்தது. பழுதாம். நான்கு மாடி, ஒடுக்கமான படி. எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் இல்லை. திரும்பி வந்து குனிந்தேன். இடது கையை அவன் முழங்காலுக்கு அடியில் கொடுத்தேன்.

அவன் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான். "வேணாம்ப்பா. நீங்க தூக்காதீங்க."

"வெளையாடுறியா? கைய எடு."

"ஆள் கூப்பிடுங்க. பக்கத்து வீட்டு அங்கிள கூப்பிடுங்க."

"எதுக்குடா ஆளு? நான் செத்தா போயிட்டேன்? தோள் நல்லாத்தான் இருக்கு!"

"நாலு மாடிப்பா. படியில வலிச்சா கை தெறந்துரும். நீங்கதானே சொன்னீங்க."

எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் கத்தினேன். "டேய், நீ என்ன இரும்பாடா? நான் ஒன்ன விடுவேனா?"

"நீங்க விட மாட்டீங்கப்பா" என்றான். பற்கள் அடித்துக்கொண்டதில் துண்டு துண்டாக வந்தது. "ஒங்க கைக்கு அது தெரியாதுல்ல."

அவன் முழங்காலுக்கு அடியிலிருந்து கையை எடுத்தேன். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் லோரி ஓட்டும் மலாய்க்காரர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மைத்துனனையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவனை உட்கார வைத்து, இடுப்பில் ஒரு கைலியைச் சுற்றிக் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராக இறக்கினார்கள். திருப்பங்களில் மெதுவாக, மெதுவாக என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நான் அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவன் நடந்தவனில்லை, ஆனால் செருப்பில்லாமல் வெளியே வர மாட்டான். முப்பத்தொரு வருஷத்தில் அம்மாவைத் தவிர வேறொருவர் அவனைத் தூக்கிப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அத்தனை பயத்திலும் அது வலித்தது.

ஆஸ்பத்திரியில் ஊசியும் டிரிப்பும் ஏற்றிய பிறகு ஒரு பெண் டாக்டர் வந்தார். நம்மவர்தான். அவனிடமே கேட்டார். "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவரிடம் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னான். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அங்கிள், இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. மாசக்கணக்கா தண்ணி பத்தாம, யூரின அடக்கி வச்சு, கல்லு சேந்திருக்கு. கிருமி கிட்னி வரைக்கும் போயிருச்சு."

"சரியாயிருமா?"

"கிருமி போயிரும். கிட்னி எவ்ளோ தூரம் திரும்பி வரும்னு இப்ப சொல்ல முடியாது. பாத்துக்கிட்டேதான் இருக்கணும்."

டாக்டர் போன பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. தள்ளி வைத்த டம்ளர், ஆறிப்போன டீ, வெட்டிய பழம், சொட்டாத தொட்டி. நாளெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் காலையில் ஒரு முறையும் சாயங்காலம் ஒரு முறையும் மட்டும் கூப்பிட ஆரம்பித்திருந்தான். என் தோள் ரப்பர் பட்டையால் ஆறவில்லை, எண்ணெயால் ஆறவில்லை. நான் தூக்குவது குறைந்திருந்தது. அவன் குறைத்திருந்தான்.

"எப்பலேருந்துடா?"

"அந்தச் சனிக்கிழமைலேருந்து."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா நல்லாருக்கேன்னு காட்றதுக்கு இன்னும் ரெண்டு பிளேட் சேத்துப் போடுவீங்க." அது உண்மை. போட்டிருப்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். "நீங்க சொன்னதுதானேப்பா. வலிக்கிற எடத்த சுத்திப் போகணும்னு."

வார்டை விட்டு வெளியே வந்தேன். மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில், வெயிலில், ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். அவன் அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை. இரும்பை விட்டுக் குதித்ததற்குக் கைதட்டு வாங்கினேனே, அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது வீட்டில் சக்கரம் வைத்த கழிப்பிட நாற்காலி இருக்கிறது. கட்டிலிலிருந்து அதற்கு நகர ஒரு வழுக்குப் பலகை இருக்கிறது, பாதி தூரம் அவனே கையை ஊன்றி நகர்ந்துவிடுகிறான். குளியலறைத் திட்டை இடித்தாயிற்று, கதவையும் அகலப்படுத்தியாயிற்று. இடித்தவர் பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனர். அவசரத்துக்குப் பாட்டிலும் ஒன்று இருக்கிறது. அது வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அவன் சொல்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். போன மாதம் கிட்னிக்கான எண் கொஞ்சம் ஏறியிருந்தது, ஏறக் கூடாத எண். பார்ப்போம் என்றார் டாக்டர். அவர் பார்ப்போம் என்று சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் தோளுக்கும் நாள் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சின்ன டாக்டர்தான் தைக்கப்போகிறார். நான் கிண்டல் செய்தது அவருக்குத் தெரியாது என்று நம்புகிறேன். கை தூளியில் இருக்கும் மாதங்களில் பக்கத்து வீட்டுக்காரர் காலையிலும் சாயங்காலமும் வருவார். என் சீன நண்பரும் வருவேன் என்கிறார், அவருக்கு முட்டி போய்விட்டது என்பதை மறந்துவிட்டார். ஜிம்முக்கு இன்னும் போகிறேன். குந்தி எழுகிறேன், இழுக்கிறேன். தலைக்கு மேலே எதுவும் இல்லை.

அவன் மேஜையில் பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்றை நிரப்பி வைக்கிறேன். காலி செய்துவிட வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. அவனும் குடிக்கிறான், ஏமாற்றுவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் கையில் எடுத்தவுடன் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான். முகத்தை அல்ல, இடது தோளை. ஒரு நொடிதான். அப்புறம்தான் மூடியைத் திறக்கிறான்.

நேற்று கேட்டுவிட்டேன். "எதுக்குடா ஒவ்வொரு தடவையும் தோளப் பாக்கறே?"

"எப்போ?" என்றான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். "நான் எங்க பாத்தேன்?"

அவன் மறுபடி பாட்டிலை எடுத்தான், நிமிர்ந்தான். வலிக்கிற தோளைத் தளர்த்திக்கொண்டு நான் நேராக உட்கார்ந்தேன். பிறகு அவன் குடித்தான்.